வாசலில் நிற்கும் பறை



இன்றைய முதல் வாசகத்தில் உடன்படிக்கைப் பேழைக்கு முன் தாவீது ஆடுவதைக் கேட்டோம். வாசகத்தில் விடப்பட்டுள்ள 16ஆம் வசனத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். சவுலின் மகள் மீக்கால் பலகணி வழியாகப் பார்த்து, தாவீதை உள்ளத்தில் இகழ்கிறாள்.

உரோமையில் படித்த காலத்தில் எத்தியோப்பியக் கத்தோலிக்கக் குருக்களோடு பழகினேன். ஒரு ஞாயிறு, தங்கள் கெயெஸ் மொழித் திருப்பலிக்கு அழைத்தார்கள். கெபெரோ என்னும் பெரிய மேளத்தைத் தோளில் மாட்டி ஒருவர் அடித்தார். மற்றவர்கள் நீண்ட கோல்களைப் பிடித்தபடி மெல்ல அடியெடுத்து ஆடினார்கள். 6ஆம் நூற்றாண்டின் புனித யாரேது தந்த இசை இது என்பது அவர்கள் மரபு. சனவரி 19ஐ ஒட்டி வரும் திம்கத் என்னும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவில், அந்நாட்டின் குருக்கள் பேழையின் அடையாளமான தாபோத்தைத் துணியால் மூடித் தலையில் சுமப்பார்கள். அதன் முன்னும் இந்த மேளமும் ஆட்டமும் உண்டு.

திருப்பலி முடிந்ததும் காப்பி. கொட்டையை நம் கண்முன்னே வறுத்து, இடித்து, மண்கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று தருவார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பெயர் பெரெக்கா, அதாவது ஆசீர். அதற்குள் கூச்சம் விட்டுக் கேட்டேன்: "கோவிலுக்குள் இவ்வளவு பெரிய மேளமா, சாமி?"

அவர் சொன்னார்: "மேளத்தின் பெரிய முகம் ஆண்டவரின் இறைத்தன்மை, சிறிய முகம் மனிதத்தன்மை. இழுத்துக் கட்டிய தோல்வார்கள் அவர் பட்ட கசையடிகள்."

எனக்கு என் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. திருவிழாவில் தேருக்கு முன் பறையடித்து வந்தவர்கள், கோவில் வாசலோடு நின்றுவிடுவார்கள். "அது சாவு மேளம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உள்ளே பாடற்குழுவில் தபேலா இருந்தது. அதுவும் தோல்தானே? தோலில் குற்றமில்லை. அடித்தவர்கள் எந்தத் தெரு என்று பார்த்தோம். அது சாதிப் பாவம், வேறு பெயர் கிடையாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தந்த திருவழிபாட்டு ஏட்டின் 119ஆம் எண், மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரச் சொல்கிறது. திண்டுக்கல்லில் அருள்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் இளம்பெண்கள் தலைநிமிர்ந்து பறையடிக்கிறார்கள். 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு நாடே பத்மஸ்ரீ விருது தந்தது.

முகப்பேரில் எங்கள் பங்கு இளைஞர்கள், பாஸ்கா திருவிழிப்பில் வானவர் கீதத்துக்குப் பறையடிக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். சிலருக்குத் தயக்கம், என்னிடமே வந்து சொன்னார்கள். உயிர்த்த ஆண்டவர் சாவை வென்றார் என்று அறிவிக்கச் சாவு மேளத்தைவிடப் பொருத்தமான மேளம் எது? நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு நாம் தாவீதோடு நிற்போமா, மீக்காலோடு பலகணியில் நிற்போமா? இறைவன் நம் உள்ளங்களைத் திறப்பாராக. ஆமென்.