கீழையூர் வீதியும் எடின்பரோச் சந்தும்

பழைய ஊர் என்றதும் நம்மவர்கள் கோயிலைப் பற்றியே பேசுவார்கள். கோபுரத்தின் உயரம், கல்வெட்டின் காலம், மூர்த்தியின் மகிமை ஆகியவற்றைச் சொன்னதோடு ஊரைச் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள். அந்தக் கோபுர நிழலில் அடுப்பு மூட்டி, கோலமிட்டு, குழந்தை குட்டிகளை வளர்த்து வாழும் வீடுகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வீடுகள் பூட்டப்பட்டுவிட்டால் அவ்வூர் என்ன ஆகும் என்பதையே இங்கே சற்று ஆலோசிக்க விரும்புகிறோம்.

நாம் வசிக்கும் ரிஷிவந்தியமும் பழைய ஸ்தலந்தான். தேனபிஷேகம் நடக்கும்போது சுவாமியின் திருமேனியில் அம்மையப்பர் உருவம் தெரியும் என்று ஊரார் பக்தியோடு சொல்வார்கள். ஆனால் சரித்திரப் புகழில் நமக்கு மூத்தது, வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவலூர். இன்றைய வழக்கில் திருக்கோயிலூர். தென்னார்க்காடு, விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி என்று ஜில்லாவின் பெயர் மாறிக்கொண்டே வந்தபோதிலும், இவ்விரண்டு ஊர்களும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை.

திருக்கோவலூரின் ஒரு பகுதியில் உலகளந்த பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். மற்றொரு பகுதியான கீழையூரில் வீரட்டேசுவரர் எழுந்தருளியிருக்கிறார். கீழூர் என்றும் அதைச் சொல்வதுண்டு. அட்ட வீரட்டங்களில் ஒன்று அது. மலையமான்கள் ஆண்ட பூமி. ராஜராஜ சோழனைப் பெற்ற வானவன் மாதேவி அக்குலத்தில் பிறந்தவள். பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இக்கோயிலிலேயே சொல்லுகிறது. இந்தப் பெருமைகளைச் சொல்லத் தொடங்கினால் பக்கங்கள் போதா. நமக்கு வேண்டியது வேறு.

முதலாழ்வார் மூவரும் சந்தித்தது இந்தத் திருக்கோவலூரில்தான். மழை இரவில், ஒருவர் படுக்கவும், இருவர் உட்காரவும், மூவர் நிற்கவுமே இடமுள்ள ஒரு இடைகழியில் அவர்கள் நெருக்குண்டு நின்றார்கள் என்பது குரு பரம்பரைக் கதை. கதை பிறந்த இடம் அரண்மனையோ மண்டபமோ அன்று, ஒரு சின்ன இருப்பிடத்தின் நடை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இது புராண காலத்துச் சங்கதி என்று தள்ளுவோருக்கு 1896-ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்லுவோம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில், மதுரையைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட பதினாறு வயதுப் பையன் ஒருவன், கையில் காசு தீர்ந்துபோய், மாம்பழப்பட்டிலிருந்து நடந்தே வந்து, அரகண்டநல்லூர்க் கோயிலில் சற்று அமர்ந்துவிட்டுக் கீழையூருக்கு வந்து சேர்ந்தான். பசியென்று கேட்டவனுக்குக் கோயிலில் சோறில்லை என்றார்கள். உடனே கோயில் மேளக்காரர், தம் பங்குப் பிரசாதத்தை அவனுக்குக் கொடுக்கும்படி சொன்னார். தண்ணீர் கேட்டு அருகிலிருந்த சாஸ்திரி வீட்டுக்குப் போனவன், மயங்கிச் சில அடி தள்ளாடி விழுந்தான், சோறு சிந்தியது, தெருவார் கூடிவிட்டார்கள். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் அவனுக்கு வயிறாரச் சாப்பாடு கிடைத்தது. சுமார் இருபது ரூபாய் பெறும் அவனுடைய காதுக் கடுக்கன்களை வாங்கிக்கொண்டு, பாகவதர் வழிச்செலவுக்கு நான்கு ரூபாய் கொடுத்தார். வழியில் அந்த விலாசச் சீட்டைப் பையன் கிழித்துப் போட்டுவிட்டான். செப்டம்பர் 1-ந் தேதி அண்ணாமலை சேர்ந்த அவனையே பின்னர் உலகம் ரமண மஹரிஷி என்று அழைத்தது.

மேளக்காரரோ பாகவதரோ அவன் மஹான் ஆவான் என்று கண்டாரில்லை. மேளக்காரர் கோயிலை அடுத்தே இருந்தார். சாஸ்திரி வீட்டுக் கதவு திறந்திருந்தது. தெருவில் ஆள் இருந்தது. உதவி நடந்ததற்கு வேறு ரகசியம் இல்லை. அதே தெருவில் பத்துக்கு எட்டு வீடு பூட்டியிருந்தால், விழுந்த பையனைக் கோயில் மதில்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

இந்த விஷயத்தைத் தீர உணர்ந்தவர், கடல் கடந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர். எடின்பரோப் பழைய நகரம் ஒரு மலைமுகட்டுக் கோட்டையின் கீழே சரிந்து கிடப்பது. இருபுறமும் பல மாடி வீடுகள், நடுவே ஆள் அகலச் சந்துகள். ஒரே படிக்கட்டைப் பல குடும்பங்கள் பங்கிட்டு முறைவைத்துப் பெருக்குவார்கள். (நம் ஒண்டுக் குடித்தனக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை!) காலப்போக்கில் செல்வர்கள் புது நகரத்துக்குக் குடிபோக, பழைய சந்துகள் அழுக்கேறிக் கிடந்தன. இடித்துத் தள்ளுவதே பரிகாரம் என்றார்கள் அதிகாரிகள். பாட்ரிக் கெடிஸ் என்ற தாவர சாஸ்திரி, 1886-ல் விவாகமானபின், மனைவி அன்னாவுடன் அந்தச் சந்துகளில் ஒன்றான ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேறினார். இருவரும் தாமே கூட்டிப் பெருக்கிச் சுவருக்கு வர்ணம் பூசினார்கள். அண்டை அயலாரையும் சேர்த்துக்கொண்டார்கள். பிரசங்கம் செய்பவர் உண்டு; குடிபோகிறவர் அரிது.

1914-ல் சென்னைக் கவர்னர் பெண்ட்லண்டு பிரபு அவரை இங்கே அழைத்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன் மூழ்கடித்தது! மனிதர் தளரவில்லை, வேறு படங்கள் சேர்த்து 1915-ல் சென்னையில் காட்டினார். பிறகு நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நேர்க்கோட்டு வீதிகள் போடப் பல வீடுகளை இடிக்கும் திட்டம் ஒன்றிருந்தது. அவர் அதற்கு மாறாக, இருக்கிற சந்துகளையே ஆங்காங்கே சற்று அகலமாக்கி, பழுதான ஒன்றிரண்டை மட்டும் நீக்கினால் போதும் என்றார். காக்கும் ரண சிகிச்சை என்று அதற்கு அவர் இட்ட பெயர் நமக்கு மிகவும் பிடித்தது. வைத்தியர் ரோகத்தை அறுக்க வேண்டுமேயன்றி ரோகியை அறுக்கலாகாது.

எடின்பரோவுக்கு இப்போது வேறு வியாதி. 1995-ல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வீடுகள் உல்லாசப் பிரயாணிகளின் தங்குமிடங்களாகிக் குடித்தனக்காரர் குறைந்தார்கள். எனவே 2022-ல் முழு வீட்டை அவ்விதம் நாள் வாடகைக்கு மாற்றுவதை நகரமெங்கும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்தில் திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும் கூடும் கூட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு இது அந்நிய தேசத்துச் செய்தியாகத் தோன்றாது.

சிறிய ஊர்களிலோ பிரயாணி வந்து வீட்டைக் கொள்ளவில்லை, வீட்டுக்காரரே போய்விட்டார். பிள்ளை சென்னையில், பெண் பெங்களூரில், வீட்டில் பாட்டி மட்டும் சிலகாலம். பிறகு பூட்டு. இருப்பவர்களும் மோட்டார் வண்டி நிறுத்தத் திண்ணையை உடைத்து இரும்புக் கதவு போடுகிறார்கள். பிழைப்புக்காகப் போகிறவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். நம் பள்ளியில் படித்த பையன்களையும் அப்படித்தானே அனுப்பி வைக்கிறோம்? ஆனால் ஓடு மாற்றவும், சாக்கடை கட்டவும், ஒழுங்கான வாடகைக்கு ஆசிரியரையோ தாதியையோ குடிவைக்கவும் பெரும் பொருள் வேண்டியதில்லை.

கும்பாபிஷேக நன்கொடைக்கு ரசீதுப் புஸ்தகத்தோடு வரும் அன்பர்களை இனி நாம் ஒன்று கேட்கப்போகிறோம்: சந்நிதித் தெருவில் இரவு விளக்கெரியும் வீடுகள் எத்தனை? அதை எண்ணி வந்தபின் ரசீதில் கையெழுத்துப் போடுவோம்.