கடல் விலகிப்போன தெரு

தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு வரும் இளையர்களில் பெரும்பாலோர் காப்பிக்கடையைத் தேடித்தான் வருகிறார்கள். மதிய நேரத்தில் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் பயிற்சி வேலைக்கு வந்த என் வகுப்புத் தோழர்களும் இருப்பார்கள். “தமிழர் வரலாற்றைப் பார்க்க எங்கே போவீர்கள்?” என்று அவர்களிடம் கேட்டால் தயங்காமல் தேக்கா என்பார்கள். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து சில அடி தூரத்தில், ஏறக்குறைய 200 ஆண்டுப் பழமையான தமிழ் முஸ்லிம் கட்டடம் ஒன்று இருப்பது கண்ணில் படுவதில்லை. தேக்காவைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் முன்னோரில் பலர் கப்பலை விட்டு இறங்கிய கரை இதுதான்.

கரை என்று சொன்னால் இன்று நம்ப முடியாது. மலாய் மொழியில் ‘தெலுக்’ என்றால் விரிகுடா, ‘ஆயர்’ என்றால் நீர். பெயரில் உள்ள நீர் ஒருகாலத்தில் தெருவின் ஓரத்திலேயே அலையடித்தது. 1879ஆம் ஆண்டு தொடங்கிய நிலமீட்புப் பணியில் அருகிலிருந்த வாலிச் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு விரிகுடாவை நிரப்பினார்கள். செசில் ஸ்திரீட்டும் ராபின்சன் ரோடும் புதிய நிலத்தில் எழுந்தன. பிறகு ஷெண்டன் வே, அதற்கும் அப்பால் மரினா பே. கடல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

இந்தத் தெருவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. கதவு எண்களைப் பாருங்கள். நாகூர் தர்கா 140, தியன் ஹொக் கெங் கோயில் 158, அல்-அப்ரார் பள்ளிவாசல் 192. மூன்றும் ஒரே பக்கம், கரை இருந்த பக்கம். எதிர்ப் பக்கத்தில் 235ஆம் எண்ணில் நிற்பது தெலுக் ஆயர் சீன மெதடிஸ்ட் தேவாலயம். அதன் கட்டடம் 1920களில் வந்தது. முன்பு கடலாக இருந்த பக்கத்தில் நிற்கிறது. எண்களைப் படித்தாலே பழைய கரையோரத்தை மனத்தில் வரைந்துவிடலாம்.

பூன் டாட் ஸ்திரீட் முனையில் உள்ள நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. கட்டியவர்கள் சூலியாக்கள், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். நாகூர் ஆண்டவர் என்று நாம் அழைக்கும் 16ஆம் நூற்றாண்டு ஞானி சாகுல் ஹமீதின் நினைவாக எழுப்பினார்கள். அவர் அடங்கியிருப்பது தமிழகத்து நாகூரில். இங்கே அடக்கத்தலம் கிடையாது. கடல் பயணத்தில் காப்பவர் என்று அவரை நம்பியவர்கள், உயிரோடு கரை சேர்ந்த நன்றியைச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். கட்டடத்தைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பது நல்லது. கீழே ஐரோப்பிய பாணித் தூண்களும் அகன்ற வளைவுகளும். மேலே நிமிர்ந்தால், பொம்மை அரண்மனையின் முகப்பைப் போலச் சின்னஞ்சிறு சன்னல்கள். மூலைகளில் அடுக்கடுக்காக உயரும் மினாராக்கள். கீழ்ப்பாதியும் மேல்பாதியும் வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்தவை போலிருக்கும். எனக்கு இந்தத் தெருவில் மிகவும் பிடித்த கட்டடம் இது.

ஒரு சிறிய பூங்காவைக் கடந்தால் தியன் ஹொக் கெங். 1839 முதல் 1842 வரை ஹொக்கியன் சமூகத்தினர் கட்டிய கோயில். வள்ளல் டான் டோக் செங் பெருந்தொகை கொடுத்தார். தெய்வம் மாசு, கடலோடிகளின் காவல் தாய். சிலையைச் சீனாவிலிருந்தே 1840ல் கொண்டுவந்தார்கள். நாகப்பட்டினக் கரையில் ஏறியவருக்கும் ஃபூஜியன் கரையில் ஏறியவருக்கும் பயம் ஒன்றுதான். இறங்கியதும் செய்ய நினைத்ததும் ஒன்றுதான். இரு கட்டடங்களும் அடுத்தடுத்து நிற்பதற்கு இன நல்லிணக்கம் என்ற பாடப்புத்தக விளக்கத்தை விட இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. அன்று யாரும் நல்லிணக்கத்துக்குத் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். படகு வந்து நின்ற இடத்தில் அவரவர் கும்பிட்டிருக்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் அல்-அப்ரார். கடைவீட்டு வரிசையோடு ஒட்டி நிற்பதால் பலர் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். 1827ல் இது ஓர் ஓலைக் குடிசையாகத் தொடங்கியது. செங்கல் கட்டடம் 1850களில் வந்தது. ஆனாலும் இதற்கு நிலைத்துவிட்ட பெயர் ‘குச்சுப் பள்ளி’. பாட்டியிடம் கேட்டேன், குச்சு என்றால் சின்னக் குடிசை, உங்கள் தலைமுறைக்கு அதுவும் தெரியாதா என்றார். குடிசை போய் 170 ஆண்டுகள் ஆன பிறகும் அந்தச் சொல் மட்டும் பள்ளிவாசலை விட்டுப் போகவில்லை.

இந்தக் கட்டடங்கள் எல்லாம் தேசிய நினைவுச்சின்னங்கள். தியன் ஹொக் கெங் 1973லும், தர்காவும் அல்-அப்ராரும் 1974லும் அந்தத் தகுதியைப் பெற்றன. இடிக்கப்படும் அபாயம் இல்லை. ஆனால் காப்பாற்றப்படுவதிலும் இரு வகை இருக்கிறது. தர்கா பழுதடைந்து, பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, சீரமைக்கப்பட்டபின் 2011ல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே தெருவில் கான்டனீஸ், ஹக்கா மக்கள் 1824ல் அமைத்த ஃபுக் டக் சி கோயிலும் இப்போது அரும்பொருளகம்தான். நான் போன வார நாள் மதியத்தில் இரண்டு இடங்களிலும் மொத்தம் நான்கைந்து பேரைத்தான் பார்த்தேன். அல்-அப்ராரிலோ, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அக்கம்பக்கத்து அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்து நிறைகிறார்கள். தியன் ஹொக் கெங்கில் ஊதுபத்திப் புகை ஓய்வதில்லை. காட்சிப் பலகைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் ஒரு கட்டடத்துக்கு ஆட்கள் பழக்கமாக வந்துபோவதற்கு ஈடாக எந்தப் பலகையையும் வைக்க முடியாது. அந்தப் பழக்கம் தர்காவுக்கு மீண்டும் வர வேண்டுமானால், நம்மைப் போன்ற மாணவர்கள் ஒரு முறையாவது உள்ளே போக வேண்டும்.

இந்தத் தெருவில் ஓர் இந்துக் கோயிலும் இருந்திருக்க வேண்டியது. 1819ல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைக்குக் கோயில் கட்ட முதலில் ஒதுக்கப்பட்ட இடம் தெலுக் ஆயர் ஸ்திரீட்தான். வழிபாட்டுக்குத் தேவையான நல்ல தண்ணீர் அருகில் கிடைக்கவில்லை. பெயரிலேயே நீர் உள்ள தெருவில் குடத்தில் மொள்ள நீர் இல்லை! இரண்டாவதாகக் கிடைத்த ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் பக்கத்து இடம், நகரத் திட்டம் மாறியதால் கைநழுவியது. மூன்றாவதாக 1823ல் கிடைத்ததுதான் சவுத் பிரிட்ஜ் ரோடு. 1827ல் அங்கே ஸ்ரீ மாரியம்மன் கோயில் எழுந்தது. அதற்குச் சற்று முன், 1826லேயே, அருகில் சூலியாக்கள் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவியிருந்தார்கள்.

தெலுக் ஆயரிலிருந்து அங்கே நடக்கப் பத்து நிமிடம் போதும். போனால் தெருப் பலகைகளையும் படியுங்கள். பள்ளிவாசலை ஒட்டியிருப்பது மாஸ்க் ஸ்திரீட். மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்து வைத்த பெயர் பகோடா ஸ்திரீட். கோயிலின் மறுபக்கம் டெம்பிள் ஸ்திரீட். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்குகள் தொங்கும், சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் சைனாடவுனின் நடுவே உள்ள இந்த மூன்று தெருக்களுக்கும் பெயர் வரக் காரணம் தமிழர்கள் கட்டிய வழிபாட்டுத் தலங்கள்.