இரத்தச் சோதனையில் தானியங்கிக் கருவிகள்

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்திலுள்ள கங்காதர நெல்லூர் தமிழக எல்லைக்கு அருகில் அமைந்த ஒரு மண்டலம். இத்தகைய ஊரகப் பகுதிகளில், நோயாளியிடம் எடுக்கப்பெறும் இரத்தம் பல நேரங்களில் தொலைவிலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றைச் சென்றடைய வேண்டியுள்ளது. அங்கே அதனைச் சோதித்துச் சர்க்கரை, யூரியா, கொழுப்பு முதலியவற்றின் அளவுகளைக் கூறுவது பெரும்பாலும் தானியங்கி உயிர்வேதியியல் பகுப்பாய்வுக் கருவியே ஆகும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு சோதனையும் கையினாலேயே செய்யப்பட்டது. அமெரிக்க உயிர்வேதியியலறிஞர் லியோனார்டு ஸ்கெக்ஸ் இதனை இயந்திரமயமாக்கினார். அவர் வகுத்த முறையைப் பின்பற்றிய கருவி 1957-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஒரே குழாயில் இரத்த மாதிரிகள் வரிசையாக ஓட, அவற்றைக் காற்றுக் குமிழிகள் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்தன. இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனிக் கிண்ணத்தைப் பயன்படுத்துகின்றன.

செயல்படும் முறை

இரத்தம் உறைந்தபின், சுழற்சி இயந்திரத்தில் வைத்துச் சீரம் என்னும் தெளிநீர் பிரிக்கப்படுகிறது. கருவியின் நுண்குழல் அதில் சில மைக்ரோலிட்டர் மட்டுமே உறிஞ்சிக் கிண்ணத்தில் இடுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பின்னர் உரிய வேதிக்கரைசல் சேர்க்கப்பட்டு, கலவை 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்படுகிறது.

சர்க்கரைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி சர்க்கரையுடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. பெராக்சிடேஸ் என்னும் மற்றொரு நொதி அதனைக் கொண்டு இளஞ்சிவப்பு நிறப்பொருளைத் தோற்றுவிக்கிறது. சர்க்கரை மிகுந்தால் நிறமும் அடர்த்தியாகும். விளக்கொளி கிண்ணத்தின் ஊடே பாய்கிறது. அதில் குறிப்பிட்ட அலைநீளமுடைய ஒளி எவ்வளவு உட்கவரப்பட்டது என்பதை ஒளியுணரி அளக்கிறது. அளவு தெரிந்த கரைசல் ஒன்றுடன் ஒப்பிட்டு, கணிப்பொறி முடிவைத் தருகிறது. சோடியம், பொட்டாசியம் ஆகியவை மட்டும் பெரும்பாலும் நிறத்தால் அன்றி, அவ்வயனிகளை உணரும் மின்முனைகளால் அளக்கப்படுகின்றன.

பெரிய கருவிகள் ஒரு மணி நேரத்தில் பல நூறு சோதனைகளைச் செய்ய வல்லவை. சிறிய ஆய்வுக்கூடங்களிலோ பகுதித் தானியங்கிக் கருவிகளே மிகுதி. அவற்றில் மாதிரியையும் கரைசலையும் பணியாளரே அளந்து கலக்க வேண்டும். ஒளியை அளந்து கணக்கிடுவது மட்டும் கருவியின் வேலை.

கருவி அறியாத பிழைகள்

தன்னிடம் வந்த மாதிரியைத்தான் கருவி அளக்கும். அது வந்த வழியை அறியாது. பிரிக்கப்படாத இரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தொடர்ந்து செலவிடுகின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை அது குறையக்கூடும். எனவே காலையில் எடுத்த இரத்தம் பிற்பகலில் ஆய்வுக்கூடம் சேர்ந்தால், நீரிழிவு நோயாளியின் அளவு இயல்பானதாகவே தோன்றிவிடலாம். இதற்காகவே புளூரைடு உப்பிட்ட தனிக்குழாய் பயன்படுகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தாலோ, அவற்றினுள் இருக்கும் பொட்டாசியம் வெளியேறி, இல்லாத ஆபத்தை இருப்பதுபோல் காட்டும்.

கருவியையும் நாள்தோறும் சோதித்தல் இன்றியமையாதது. அளவு முன்னரே அறியப்பட்ட கட்டுப்பாட்டுச் சீரத்தை அளந்து, விடை எல்லைக்குள் அமைந்தால் மட்டுமே நோயாளிகளின் மாதிரிகளைத் தொடுதல் வேண்டும். தூய நீரும் சீரான மின்சாரமும் இல்லையெனில் விலையுயர்ந்த கருவியும் பயன் தராது. கங்காதர நெல்லூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, நாடெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி, அவற்றின் விடைகளை ஒப்பிடும் புறத்தர மதிப்பீட்டுத் திட்டத்தை நடத்தி வருகிறது.

தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ் 2015-ஆம் ஆண்டு இலவச நோயறி சோதனைத் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் பயன் சிற்றூர்களை எட்டுவது கருவிகளின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. உரிய குழாயில் இரத்தம் எடுத்து, நேரத்தைக் குறித்து, சீரத்தை விரைந்து பிரித்துக் குளிர்ப்பெட்டியில் அனுப்பும் பயிற்சி பெற்ற பணியாளரும் அதற்குத் தேவை. நம்பத்தக்க சோதனை நோயாளியின் அருகிலேயே தொடங்குகிறது.