வாரம் ஒரு பொம்மை

ஓராண்டு, 52 வாரம், 52 உருவம். பாலிமர் களிமண் சவாலில் இறங்குவது சுலபம். காக்கநாட்டில் அதைக் கடைசிவரை கொண்டுபோக முடியுமா?

பெயரில்தான் களிமண். பொருள் என்னவோ பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே பி.வி.சி.யை எண்ணெய் போன்ற மென்மையூட்டியுடன் குழைத்து, நிறம் சேர்த்து, சோப்புக்கட்டி அளவில் அடைத்து விற்கிறார்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைத் தயாரிப்பாளர் கேத்தே க்ரூஸின் மகள் ஃபிஃபி ரேபிண்டர் 1930களின் கடைசியில் வீட்டில் குழைத்துப் பார்த்த பசைதான் பின்னாளில் ‘ஃபிமோ’ ஆனது. அமெரிக்காவின் ‘ஸ்கல்ப்பி’ 1960களில் வந்தது.

இதை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஓர் உருவம் என்று ஆண்டு முழுவதும் செய்வதாகச் சபதம் எடுப்பது மேலைநாட்டுக் கைவினைக்காரர்களின் பழக்கம். இந்த மாதிரி சபதங்கள் புதிதல்ல. 2007-ல் நோவா ஸ்காலின் என்ற அமெரிக்கர் ஓராண்டுக்குத் தினம் ஒரு மண்டையோடு செய்யத் தொடங்கினார். 2009-ல் ஓவியர் ஜேக் பார்க்கர் ஆரம்பித்த ‘இங்க்டோபர்’, அக்டோபரின் 31 நாளும் நாளுக்கு ஒரு மைச் சித்திரம் கேட்கிறது. தினம் என்றால் மூச்சு முட்டும். மாதம் என்றால் மறந்தே போகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரம்தான் தோதான அளவு.

காக்கநாட்டில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. எர்ணாகுளம் மாவட்டத் தலைமையகம் இங்கேதான். ஏற்றுமதி மண்டலம் 1980களில் வந்தது, இன்ஃபோபார்க் 2004-ல். திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் திரை. மிச்சமிருப்பது சனி, ஞாயிறு, அடுக்குமாடி வீட்டின் ஒரு மேஜை. சக்கரம் வேண்டாம், சூளை வேண்டாம் என்பதால் பாலிமர் களிமண் இந்த மேஜைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது. இன்னொரு சௌகரியம், காற்றில் உலராது. ஜூன் மாத கொச்சியின் ஈரத்தில், காற்றிலேயே உலரும் வகைக் களிமண் நாள்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும். பாலிமருக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுப்பில் வைக்கும்வரை குழைவாகவே இருக்கும்.

தொல்லைகள் வேறு இடத்தில். வெள்ளை நிறம் கண்ணுக்குத் தெரியாத தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அடர்நிறத்தைத் தொட்ட விரலோடு வெள்ளையைத் தொட்டால் தொலைந்தது. சூடு பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்ஷியஸ், பாக்கெட்டில் போட்டிருக்கும். வீட்டு ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வைப்பதே நல்லது. குறைந்தால் பொம்மை நொறுங்கும். மிஞ்சிப்போய்க் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். கேக் சுடும் ஓவனை இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது உத்தமம்.

வித்தைகளில் அழகானது ‘கேன்’. பல நிறங்களைத் தடியாக அடுக்கி, உருட்டி நீட்டி, வில்லைகளாக நறுக்குவது. வெண்டைக்காயை எங்கே வெட்டினாலும் அதே பூ தெரியுமே, அதுபோல ஒவ்வொரு வில்லையிலும் ஒரே சித்திரம். வெனிஸ் கண்ணாடிக் கலைஞர்களின் பழைய உத்தி இது. முதல் சில வாரங்கள் இப்படிக் கம்மல், சாவிக்கொத்து என்று ஓடிவிடும். சபதம் சாவது அதற்குப் பிறகு. கை பழகிவிடுகிறது, அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரிவதில்லை.

தலைப்புப் பட்டியலை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தால் டிசம்பரில் பனிமனிதன் வருவான். கொச்சியில் எதற்குப் பனிமனிதன்? மட்டாஞ்சேரிக்கு ஒரு பஸ் பிடித்தால் போதும். 1568-ல் கட்டப்பட்ட யூதர் ஆலயத்தின் தரையில் 18-ம் நூற்றாண்டுச் சீன நீலஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். ஓட்டுக்கு ஒரு வாரம் என்று வைத்தாலும் பல ஆண்டு ஓடும். பிறகு சீனவலை, இஞ்சி மூட்டை, படகு.

இன்னும் பக்கத்தில், காக்கநாட்டிலிருந்து சில கிலோமீட்டரில், திருக்காக்கரை வாமனமூர்த்தி கோயில். ஓணத்தின் மூலஸ்தானம். அத்தம் முதல் திருவோணம் வரையான பத்து நாளில் திருக்காக்கரைக்கு வர முடியாதவர்கள், வீட்டு முற்றத்திலேயே மண்ணால் திருக்காக்கரையப்பனைப் பிடித்து வைத்து வணங்கலாம் என்பது ஐதீகம். ஓணத்தப்பன் என்றும் சொல்வார்கள். நான்கு பட்டையாய், மேலே குறுகி, தட்டையாய் முடியும் கூம்பு. அரிசிமாவுக் கோலம், தும்பைப் பூ. கூடவே குட்டி அம்மி, ஆட்டுக்கல், பாட்டியம்மா. கெடு வைத்து மண்ணுருவம் செய்யும் சவால் இந்த ஊருக்குப் பழசு!

இப்போது அதைப் பிடிக்கத் தெரிந்த வீடுகள் குறைவு. திருப்பூணித்துறை சந்தையில் வாங்கி வருகிறார்கள். செய்பவர்கள் குயவர் குடும்பங்கள். கேரளக் குயவர்களில் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கு கலந்த மொழி. எப்போதோ வடக்கிலிருந்து மண்ணைத் தேடி வந்தவர்கள். அந்த மண்தான் இன்று பிரச்சினை. வயல்கள் ஒருபக்கம் மனைகளாகிவிட்டன. மிஞ்சிய வயலைக் காக்க 2008-ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் நியாயமானதே. ஆனால் செங்கல் சூளைக்கு லாரி லாரியாக அள்ளியவருக்கும், சட்டிபானைக்குக் கூடையளவு கேட்பவருக்கும் அனுமதி வாங்கும் அலைச்சல் ஒன்றுதான்.

நிலம்பூர் அருகே அருவக்கோட்டில், அலுமினியப் பாத்திரம் வந்து தொழில் படுத்த பின், வடிவமைப்பாளர் கே.பி. ஜினன் 1990களில் குயவர்களுடன் சேர்ந்து ‘கும்பம்’ அமைப்பைத் தொடங்கினார். பானைக்குப் பதில் சுவர்ச்சிற்பம், அலங்கார ஓடு. சந்தை கிடைத்தது, பெண்களும் உருவம் செய்ய வந்தார்கள். மட்பாண்டத் தொழிலுக்கு வழியே இல்லை என்பவர்கள் பார்க்க வேண்டிய ஊர்.

ஐம்பத்தேழு கிராம் பாலிமர் கட்டிக்குச் சில நூறு ரூபாய் கொடுக்கும் காக்கநாட்டு வார இறுதிக் கலைஞர், ஓணத்தப்பன் விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவார் என்பதுதான் உறுத்துகிறது. 52 வாரங்களில் நாலைந்தை ஒரு குயவர் வீட்டுத் திண்ணையில், நிஜ மண்ணில், கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளலாம். பாலிமரில் பழகிய விரல் அங்கே திணறும்: மண் காயும், சுருங்கும், வெடிக்கும்.

திருவோணம் கழிந்து முற்றத்தில் விட்டால், வீட்டில் பிடித்த சுடாத ஓணத்தப்பன் மழையில் கரைந்துவிடுவான். பாலிமர் யானை கரையாது. முப்பதாவது வாரத்தில் அலமாரியில் இன்னொரு தட்டு அடிக்க வேண்டியிருக்கும்.