மார்பக வளர்ச்சியில் ஏற்றத்தாழ்வு: செய்யத் தக்கதும் தகாததும்

மனித உடலின் இரு பாதிகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒரு பாதம் மற்றதைவிடச் சற்று நீண்டிருப்பது போலவே, பெண்களின் மார்பகங்களில் ஒன்று சிறிதாகவும் மற்றொன்று பெரிதாகவும் இருப்பது சாதாரணம். ஆயினும், இதனைக் குறைபாடென்று எண்ணி, வெட்கத்தினால் வெளியே சொல்லாது வருந்தும் பெண்கள் பலர். இம்மௌனமே போலி மருந்து விற்போருக்கு மூலதனமாகின்றது.

வளர்ச்சியின் இயல்பு

பெண் குழந்தைகளுக்குப் பொதுவாக 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையே மார்பக வளர்ச்சி தொடங்குகின்றது. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இதனைத் தூண்டுகின்றது. முதலில் காம்பின் அடியில் சிறு கட்டி போன்ற மொட்டு தோன்றும். பலருக்கு இது ஒரு பக்கத்தில் முந்தியும், மறுபக்கத்தில் சில மாதங்கள் கழித்தும் தோன்றுவதுண்டு. இதனை நோய்க்கட்டி என்று கருதி வெட்டி அகற்றினால், அப்பக்கத்தில் மார்பகம் வளராமலே போகக்கூடும். ஐயமிருப்பின் தகுதி பெற்ற வைத்தியரிடம் காட்டவேண்டும். கீறுவதற்கும் அழுத்தி உருவுவதற்கும் இடந்தரலாகாது. வளர்ச்சி முற்றுப்பெறும்போது பெரும்பாலோர்க்கு வேறுபாடு குறைந்துவிடும்.

அரிதாகச் சிலருக்கு, பிறவியிலேயே ஒரு பக்கத்து நெஞ்சுத் தசை அமையாததனால் வேறுபாடு மிகுதியாயிருக்கும். இதனை 1841-ல் ஆல்பிரட் போலந்து என்னும் ஆங்கிலேயர் விவரித்தார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தாலும் மார்பு ஏற்றத்தாழ்வாகத் தோன்றும். மாணவியின் தோள்கள் சமமாயில்லை எனக் காணும் ஆசிரியை, பெற்றோருக்கு அறிவிப்பது நலம்.

விளம்பர முறைகள்

மார்பகம் பால் சுரப்பிகளும் கொழுப்பும் இணைப்புத் திசுவும் சேர்ந்த உறுப்பு. தேகப்பயிற்சி அதன் பின்னாலுள்ள தசையை வலுப்படுத்துமேயன்றி, மார்பகத்தைப் பெருக்காது. எண்ணெயும் களிம்பும் தேய்ப்பதால் ஒரு பக்கம் மட்டும் வளர்வதில்லை. ஹார்மோன் கலந்த களிம்பாயின், அது இரத்தத்திற் கலந்து தீங்கு விளைவிக்கக்கூடும். கிண்ணம் போன்ற உறிஞ்சு கருவியை நாள்தோறும் சுமார் 10 மணி நேரம், பல வாரங்கள் அணிய வேண்டியிருந்தது. கிடைத்த பயனோ சொற்பம்.

ஊசி முறைகளின் வரலாறு வருந்தத்தக்கது. 1899-ல் வியன்னாவில் கெர்சுனி என்னும் வைத்தியர் பாரபின் மெழுகை உடலில் ஏற்றிச் சிகிச்சை செய்தார். பின்னர் மார்பகத்திலும் இம்முறை கையாளப்பட்டு, கட்டிகளும் புண்களும் உண்டாயின. திரவ சிலிக்கோன் ஊசியும் இத்தகைய கேட்டையே விளைத்தது. ஹயலுரானிக் அமிலக் கூழை மார்பகத்தில் ஏற்றும் முறை, புற்றுநோய் காண எடுக்கும் எக்ஸ்ரே படத்தைத் தெளிவாகப் படிக்க இடையூறாயிருந்தமையால் 2012-ல் கைவிடப்பட்டது.

மருந்துகள், மாய சிகிச்சைகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் பொருட்டு 1954-ல் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் அட்டவணையில் பெண்களின் மார்பக வடிவமும் அமைப்பும் இடம்பெற்றன. இத்தகைய விளம்பரங்களின் கேடு அன்றே உணரப்பட்டமைக்கு இது சான்று.

தக்க வழிகள்

உள்ளாடையைப் பெரிய பக்கத்தின் அளவுக்குத் தேர்ந்து, சிறிய பக்கத்தில் மெல்லிய பருத்தித் திண்டு வைத்துக்கொள்வது எளிது, செலவும் குறைவு, தீங்கில்லை. பாலூட்டும் தாய், குறைவாகச் சுரக்கும் பக்கத்தில் முதலில் ஊட்டத் தொடங்கலாம். பால் மறக்கடித்தபின் வேறுபாடு பெரும்பாலும் தணியும். வளர்ச்சி முடிந்த பின்னரும் வேறுபாடு மிகுந்து மனத்தை வருத்துமாயின், ரண சிகிச்சை நிபுணரைக் கலந்து ஆலோசிக்கலாம்.

எச்சரிக்கை

வளர்ந்த பெண்ணுக்கு ஒரு மார்பகத்தில் மட்டும் புதிதாக ஏற்படும் மாறுதலை அலட்சியம் செய்யலாகாது. கட்டி, தோலில் குழிவு, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு ஆகியவை காணப்படின் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். வலியில்லை என்பதால் ஆபத்தில்லை என்று கருதுவது தவறு. 30 வயது கடந்த பெண்களுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்யும் திட்டம் உண்டு.

இயல்பான வேறுபாட்டுக்கு அஞ்சவேண்டாம், புதிய மாறுதலை மறைக்கவேண்டாம் என்னும் இவ்விரு செய்திகளையும் களப் பணியாளர்களும் ஆசிரியைகளும் தத்தம் வட்டாரத்துப் பெண்களுக்குக் கூச்சமின்றி எடுத்துரைப்பாராயின், பொருள் இழப்பும் உயிரிழப்பும் குறையும்.