கியூ கடைபவரை எதை வைத்து நம்புவது?

முட்டம் போன்ற கடலோர ஊரில் பூல், ஸ்னூக்கர் ஆடும் கோலான கியூவை வைத்திருப்பவருக்கு எதிரே ஆடுபவரைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. ஈரம் ஏறினால் மரம் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் கூடப் பருத்துவிட்டால் கோல் வளைந்துவிடும். பூல் கியூவின் நுனி சுமார் 13 மில்லிமீட்டர் பருமன்; நீளமோ ஏறக்குறைய 58 அங்குலம். அதில் நூலளவு கோணல் விழுந்தாலும் குறி தப்பும். சொல்லிச் செய்விக்கும் கியூவுக்கு நாம் கொடுக்கும் பணம் கைப்பிடியின் பூவேலைக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் பெரும்பங்கு, மரம் அடங்கி நிற்கும்வரை செய்தவர் பொறுத்திருந்த காலத்துக்கான கூலி.

கியூ பிடித்து ஆடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஸ்னூக்கருக்கு 1882-ல் விதிகள் வகுக்கப்பட்டது உதகமண்டலம் கிளப்பில். ஸ்னூக்கர் கோலுக்கு ஆஷ் மரம், நுனி 9 முதல் 10 மில்லிமீட்டர். பூல் கோலுக்கு மேப்பிள். கைப்பிடிப் பக்கத்துக்கு விரும்பப்படும் கருங்காலியும் ஈட்டியும் நமக்குத் தெரிந்த மரங்கள்தான்.

கட்டில் கால் கடைகிற ஆசாரி ஒரே இருப்பில் வேலையை முடித்துவிடலாம். கியூவில் அது நடக்காது. நார் நேராக ஓடும் துண்டாகத் தேர்ந்தெடுத்து, கடைசல் இயந்திரத்தில் மேலோட்டமாக ஒரு சுற்றுச் சீவி, தொங்கவிட்டுவிடுவார்கள். சீவச் சீவ மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் தளர்ந்து கோல் அசையும். சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்து, நேராக நிற்பதை மட்டும் மறுபடி சீவுவார்கள். இப்படிப் பல சுற்று. வளைந்ததெல்லாம் கழிவு. "பத்து நாளில் தருகிறேன்" என்பவரிடம் முன்பே பதப்படுத்திய கோல்கள் கையிருப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பெரிய பெயரை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். ரஷ்யாவிலிருந்து 1924-ல் அமெரிக்கா போன ஜார்ஜ் பாலபுஷ்கா, 1959 முதல் 1975-ல் இறக்கும்வரை செய்த கியூக்கள் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. அதனாலேயே போலிகளும் உண்டு. 1986-ல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பாலபுஷ்கா என்று காட்டப்படுவதே ஜாஸ் நிறுவனத்தின் கியூ! இன்னொன்று: பாலபுஷ்கா பல கியூக்களின் கைப்பிடிக்குப் பிறர் ஒட்டித் தந்த மரக்கட்டையை வாங்கித்தான் கடைந்தார். ஆகவே கட்டையை வெளியே வாங்குவது குற்றமில்லை. அதை மறைப்பதுதான் குற்றம். நேராகக் கேட்டால் நேராகப் பதில் வருகிறதா என்று பாருங்கள். எனக்கு இதுதான் முதல் சோதனை.

புதுக் கியூ எல்லோர் கையிலும் அழகாகத்தான் இருக்கும். அவரிடம் ஐந்தாறு வருஷம் முன்பு வாங்கியவர்களைத் தேடிப் பேசுங்கள். கோல் வளைந்ததா, வளைந்தபோது மாற்றிக் கொடுத்தாரா என்று விசாரியுங்கள். எடை (பூலுக்குப் பொதுவாக 18 முதல் 21 அவுன்ஸ்), நுனிப் பருமன், இணைப்பு வகை, தரும் தேதி, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். தந்தம் பதித்த பழைய கியூவை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்காதீர்கள்; சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள்.

கியூ கைக்கு வந்ததும் மேசையில் உருட்டிப் பார்ப்பது வழக்கம். முழுசாக மட்டும் உருட்டினால் போதாது. இரண்டாகக் கழற்றி, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே உருட்டுங்கள். தனியாக ஒழுங்காக உருண்டு, பூட்டியபின் குலுங்கினால், கோளாறு இணைப்பில். நுனிப்பாதி தனியாகவே குலுங்கினால் மரம் வளைந்திருக்கலாம், கடைசல் சீராக இல்லாமலும் இருக்கலாம். கண்ணருகே பிடித்து நுனிவரை நோட்டம் விட்டால் எது என்று தெரிந்துவிடும். இணைப்பில் உள்ள கோளாறு என்றால் கியூ செய்தவரே சரிசெய்து தரலாம். வளைந்த மரத்துக்கு வேறு கோல்தான் கேட்க வேண்டும்.