தேரைகளின் கூட்டுக் குடித்தனம்

நிறத்தாலும் வடிவத்தாலும் மாறுபட்ட பல ஜாதி மீன்கள் ஒரே கண்ணாடித் தொட்டியில் ஒன்றையொன்று கடந்து நீந்துவதைக் கண்டு பழகிய கண்களுக்கு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செல்லப் பிராணிகள் விற்கும் கடைகளில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும் தேரைகளைப் பார்க்கும்போதும் அவ்வகையான காட்சி ஒன்றை வீட்டில் அமைத்துவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. கொரியாவையும் வடகிழக்குச் சீனத்தையும் தாயகமாகக் கொண்டு, பச்சை முதுகும் கரும்புள்ளி தெளித்த செந்நிற வயிறுமாக விளங்கும் நெருப்புவயிற்றுத் தேரை ஒரு பெட்டியில் இருக்கும். தோட்டத்து மண்ணோடு மண்ணாக ஒன்றிவிடும் அமெரிக்கத் தேரை மற்றொன்றில். ஒரு கிலோவுக்கு மேலும் எடை ஏறக்கூடிய கரும்புத் தேரை வேறொன்றில். இவை எல்லாம் தேரைகள்தாமே, இடமும் செலவும் மிஞ்சுமே என்று எண்ணி ஒரே தொட்டியில் விட்டுவிடுகிறவர்கள் பலர். அவர்களுடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அந்த அன்பு பிராணியின் சரீர அமைப்பை அறிந்ததாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

தேரை வாயால் நீர் பருகுவதில்லை. அதன் அடிவயிற்றிலும் தொடைகளின் கீழ்ப்புறத்திலும் இரத்த நாளங்கள் நெருங்கிப் படர்ந்த மெல்லிய தோல் இருக்கிறது. ஈரமண்ணின் மேலோ ஆழமற்ற நீரிலோ அது வயிற்றைப் பதித்து அமரும்பொழுது அந்தத் தோலின் வழியே ஜலம் உடலுக்குள் உறிஞ்சப்படுகிறது. சுவாசத்தில் ஒரு பங்கும் தோல் வழியாகவே நடைபெறுகிறது. பகைவரிடமிருந்து அதனைக் காப்பதும் அந்தத் தோலே. கண்களுக்குப் பின்னால் புடைத்து நிற்கும் இரண்டு பெரிய சுரப்பிகளிலும், முதுகெங்கும் பரவிய கரணைகளிலும் பால்போன்ற ஒரு விஷம் ஊறுகிறது. இருதய நோய்க்கு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்த டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் சத்து எவ்வாறு இருதயத் தசைகளின் மேல் வேலை செய்கிறதோ, ஏறக்குறைய அவ்வாறே இவ்விஷமும் வேலை செய்கிறது. இனி, தொட்டியின் மூலையில் வைத்த நீர்க்கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். அதில் வந்து அமரும் ஒவ்வொரு தேரையும் அதிலேயே மலஜலம் கழித்து, அச்சமுற்றபோது விஷத்தையும் கசியவிட்டு, அதே நீரைத் தன் தோலால் குடித்து எழுந்து போகிறது.

உண்மைத் தேரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை தம் குடும்பத்துக்குரிய இருதய விஷத்தைப் பெரும்பாலும் தாங்கும் தன்மை படைத்தவை. நெருப்புவயிற்றுத் தேரையோ பெயரால் மட்டுமே தேரை. அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் விஷமும் வேறு. இத்தாலிய விஞ்ஞானி விட்டோரியோ எர்ஸ்பாமரும் அவருடைய துணைவர்களும் 1971-இல் இதன் ஐரோப்பிய உறவினமொன்றின் தோலிலிருந்து பிரித்தெடுத்த பாம்பெசின் என்னும் பொருள், குடல் முதலியவற்றின் தசைகளைச் சுருங்கச் செய்து இரைப்பையின் சுரப்பையும் தூண்டிவிட வல்லது. செந்நிற வயிறு என்பது இயற்கை எழுதிவைத்த எச்சரிக்கை. ஆபத்து நேரும்போது இச்சிறு பிராணி முதுகை வளைத்துக் கைகால்களை உயர்த்தி அந்த நிறத்தைக் காட்டி அசையாமல் கிடக்கும். அழகைக் கருதி இதனை மரத்தவளைகளோடும் பிற தேரைகளோடும் சேர்த்து வைத்தவர்கள் ஒருநாள் காலையில் மற்றவை இறந்துகிடக்கக் கண்ட அநுபவத்தைப் பழகிய வளர்ப்பாளர்கள் பலமுறை சொல்லக் கேட்கலாம்.

விஷத்துக்கு அடுத்து அஞ்சவேண்டியது வாய். ஜெர்மனியில் யோர்க்-பேட்டர் எவர்ட் என்னும் அறிஞர், தேரையைக் கண்ணாடிக் குழாயினுள் அமர்த்தி, வெளியே சிறு கறுப்பு அட்டைத் துண்டுகளை நகர்த்தி, எதைக் கண்டால் அது பாய முற்படுகிறது என்று பல்லாண்டுகள் ஆராய்ந்தார். நீண்ட துண்டு தன் நீளவாக்கிலேயே ஊர்ந்து சென்றால் தேரை அதனைப் புழுவென்று கொண்டு திரும்பிப் பாய்ந்தது. அதே துண்டைச் செங்குத்தாக நிறுத்தி நகர்த்தியபோது பொருட்படுத்தவே இல்லை. ஆகவே தேரையின் கண் கேட்கும் கேள்விகள் மிகச் சில: அசைகிறதா, சிறியதா, இரையின் போக்கில் அசைகிறதா? விடை சாதகமானால் நாக்கு நீண்டுவிடும். எதிரே ஊர்ந்து போவது சுவர்க்கோழியா, தன்னோடு குடியிருக்கும் மற்றொரு சின்னஞ்சிறு தேரையா என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. கரும்புத் தேரையின் வாய்க்குள் அடங்கும் எதுவும் அதனருகில் பத்திரமாக இருக்க முடியாது. விழுங்கப்படாமல் தப்பிய சிறியவையும், பெரியவை முந்திக்கொண்டு எல்லா இரையையும் பிடித்துவிடுவதால், நாளடைவில் மெலிந்துபோகும்.

இனப்பெருக்க காலத்தில் ஆண் தேரை அருகில் வந்த எதனையும் முன்கால்களால் இறுகப் பற்றிக்கொள்ளும் சுபாவமுடையது. பிடிக்கப்பட்டது மற்றோர் ஆணாயின் ஒரு தனிக்குரல் எழுப்பி விடுதலை கேட்கும். வேற்றினத்துப் பிராணியின் குரல் அந்த ஆணுக்குப் புரியும் என்பதற்கு உறுதியில்லை. நீரில் நெடுநேரம் பிடிபட்டது மூழ்கி மடிவதும் உண்டு. நெருங்கிய இனங்கள் கூடிக் கலப்புக் குஞ்சுகள் தோன்றுவதும் அரிதன்று. தட்பவெப்பமோ சொல்லவே வேண்டாம்: நெருப்புவயிற்றுத் தேரைக்கு 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இதமானது, வெப்பப் பிரதேசத்துக் கரும்புத் தேரை அதனினும் மிகுந்த சூட்டை நாடும்.

இவை அனைத்தினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத நோய். 1990-களில் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் காடுகளின் நடுவே, மனிதர் கைபடாத ஓடைகளில்கூட, தவளை இனங்கள் காரணம் விளங்காமல் மடிந்தொழிந்தன. வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலையில் இறந்த ஒரு நீலத் தவளையின் தோலிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட கைட்ரிட் பூஞ்சையே அதற்குக் காரணம் என்று தெரியவந்தது; அப்பூஞ்சைக்கு 1999-இல் பெயர் சூட்டப்பட்டது. இப்பூஞ்சை தோலின் மேலடுக்கில் குடிபுகுந்து, இரத்தத்தில் உப்புகளின் சமநிலையைக் குலைத்து, இறுதியில் இருதயத்தை நிறுத்திவிடுகிறது. இதன் மூதாதை வகைகளின் உறைவிடம் கிழக்கு ஆசியா என்று 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அவ்வகைகள் காணப்பட்ட பிராணிகளுள் கொரியாவின் நெருப்புவயிற்றுத் தேரையும் ஒன்று. பிராணி வியாபாரத்தின் வழியே இது உலகெங்கும் பரவியிருக்க வேண்டும் என்பது அவ்வறிஞர்களின் கருத்து. ஓரினம் பல தலைமுறைகளாகச் சுமந்து பழகிய நோய், அதனை அறியாத மற்றோரினத்துக்கு மரணமாகிறது. சுமப்பதன் உடலிலோ ஓர் அறிகுறியும் தென்படுவதில்லை. கடைக்காரர் ஆரோக்கியமானது என்று உண்மையாகவே நம்பிக் கொடுத்த தேரையும் இதனைக் கொண்டுவரக் கூடும். நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவும் இவ்வாறே. மலத்தோடு வெளிவந்து ஈரமண்ணில் வளரும் அதன் இளம்புழு, அடுத்த தேரையின் தோலைத் துளைத்து உட்புகுந்துவிடும்.

காட்டில் இரண்டு மூன்று இனங்கள் ஒரே குளத்தங்கரையில் வாழவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அமெரிக்கத் தேரையும் ஃபௌலர் தேரையும் அண்டை வீட்டார்தாம். ஆனால் அங்கே ஒரு தேரை பிடிக்காத அயலாரை விட்டு ஓர் இரவில் விலகிப் போய்விடலாம்; மழை நீரைப் புதுப்பிக்கிறது; விஷம் ஒரு குளத்தளவு நீரில் கரைந்து மறைகிறது. நாற்பது லிட்டர் தொட்டியில் விலகுவதற்கு மறுகோடி ஒன்றே உண்டு, அதுவும் இரண்டு முழத்துக்குள். பெரிய மிருகக்காட்சிசாலைகள் சில இனங்களைச் சேர்த்து வைப்பதுண்டு என்றாலும், அவற்றுக்கு அறையளவு இடமும் நோய்ப் பரிசோதனையும் முழுநேர மருத்துவரும் உண்டு.

ஓரினம் மட்டும் என்று தீர்மானித்தவருக்கு வேலை எளிது. அமெரிக்கத் தேரை இரண்டு மூன்றுக்கு ஏறத்தாழ எழுபத்தைந்து லிட்டர் தொட்டி போதும். எல்லாம் ஒத்த பருமனாக இருக்கட்டும். அடியில் அவை புதைந்து உறங்கும் ஆழத்துக்குத் தேங்காய் நார்த்தூள் பரப்புவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வழக்கம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டிகளாக ஏற்றுமதியாகும் அதே தூள்தான். குளோரின் நீக்கிய நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். புதிதாக வாங்கியதை, அதே இனமாயினும், இரண்டு மூன்று மாதங்கள் தனிப்பெட்டியில் வைத்து, பிராணி மருத்துவரிடம் மலத்தைச் சோதித்த பின்னரே பழையவற்றோடு சேர்க்க வேண்டும். அந்தப் பெட்டிக்கென்று தனிக் கிண்ணமும் தனிக் கையுறையும் இருப்பது அவசியம்.

ஏற்கெனவே பலவற்றைக் கலந்து வைத்துவிட்டவர்கள் இன்றே பிரிக்கலாம். மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியும், ஈரமாக்கிய வெள்ளைக் காகிதமும், சிறு நீர்த்தட்டும் இருந்தால் தற்காலிக வாசத்துக்குப் போதுமானது. தேரைகள் நெடுநாள் வாழ்பவை. ஐரோப்பியத் தேரை ஒன்று வளர்ப்பில் 36 ஆண்டுகள் இருந்ததாகக் குறிப்பு உண்டு. ஆதலால் மிஞ்சியதை வைத்துக்கொள்ள இயலாதவர் அவ்வினத்தை மட்டும் வளர்க்கும் வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். இரக்கத்தின் பேரில் அருகிலுள்ள ஓடையில் மட்டும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் தொட்டியில் அதனைத் தொற்றிக்கொண்ட பூஞ்சையும் அதனோடு அந்த ஓடைக்குப் போய்ச் சேரும்.